ஊர்க்காரி

பெற்றோர் கொழும்பில் வசித்தால் பிள்ளைக்கு விடுதியில் இடமில்லை என்பது பல்கலைக்கழகத்தின் விதி. தயாபரனின் தாய் பத்மாவதியோ, யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் வீட்டை இழந்து, கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் மகள்மாருடன் ஒண்டியிருந்தாள். அவ்வறையில் அவனுக்குக் கால் நீட்டவும் இடமில்லை. ஆகவே, அவள் கொழும்புக்கு வந்ததை அவன் விடுதியில் மறைத்தான்.

ஒரு நாள் நண்பகலில் அவள் சோற்றுப் பொதியுடன் கொட்டாஞ்சேனை விடுதிக்கே வந்துவிட்டாள்.

"ஆர் ஐசே இவ?" என்றார் வார்டன் தியாகராசா.

"ஊர்க்காரி சேர். பக்கத்து வீடு."

பத்மாவதி மகனை ஒரு கணம் பார்த்தாள்.

"ஓம் ஐயா, ஊரிலயிருந்து இப்பதான் வந்தனான். தம்பி, இது உங்கட அம்மா தந்துவிட்டது."

பொதியை வார்டன் வாங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சோறு அவர் கையில் இன்னமும் சுட்டது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், அதை அவனிடம் நீட்டினார்.

"ஆறமுதல் சாப்பிடும். அதுக்கு முதல் அவவை பஸ் ஏத்திவிட்டிட்டு வாரும்."

தெருவில் தாய் முன்னே நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் செல்லும் துணிவின்றி, தயாபரன் தலைகுனிந்து பின்னால் நடந்தான்.