நூல் சுற்றிய காய்

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது என் வேலை. காடு மேடெல்லாம் ஏறி அவற்றைப் பறித்து வருவது என் வீட்டுக்காரர் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரே தாவரக் காப்பகத்தில் சம்பளம், ஒரே விஷயத்தில் சண்டை. மந்தாரைக் காய்தான் அந்த விஷயம்.

மந்தாரை இனமே ஒரு தினுசு. ஒன்று மரமாக நிற்கும், இன்னொன்று கொடியாக அடுத்த மரத்தில் தொற்றி ஏறும். இலை மட்டும் அநேகமாக எல்லாவற்றுக்கும் மாட்டுக் குளம்பு போலப் பிளந்திருக்கும். அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. பூவோ காயோ வேண்டும். காயோ உலர உலர முறுக்கிக்கொண்டு படாரென்று வெடிக்கும். அதனால் பறித்த கையோடு நூல் சுற்றிவிட வேண்டும். இவர் சுற்ற மாட்டார். நான்தான் மேசைக்கடியில் தவழ்ந்து விதை பொறுக்குவேன்.

“ஒரு நூல் கட்ட என்ன கேடு உங்களுக்கு?”

“உன்னைக் கட்டுனதே போதும்டி” என்பார், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல.

போன மாதம் மந்தாரைக் கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். கூடப் போன வண்டிக்காரர் சொன்னார்: “மேலேயே உக்காந்து ஏதோ நூல் கட்டிக்கிட்டு இருந்தாரும்மா. ரெண்டு கையையும் விட்டுட்டாரு.”

அவர் பையில் ஒரே ஒரு காய் இருந்தது. மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. பாவி மனுஷன், அன்றைக்கா என் பேச்சைக் கேட்க வேண்டும்? என் நாக்கில் தீயை வைக்க.

முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல் காயை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தேன். இன்று எங்கள் ஆய்வாளர் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

“அக்கா, விதையைப் பாக்காம செடிக்குப் பேர் எழுத முடியாது. செடிக்குப் பேர் இல்லேன்னா தாள் கிடையாது. பறிச்சவர் பேரும் ஏறாது. நூலை நான் வெட்டட்டுமா?”

“வேண்டாம்மா. நானே வெட்டுறேன்.”

கத்தரி பட்டதும் காய் வெடித்தது. விதைகள் தரையெல்லாம் ஓடின.

“ஒரு நூல் கட்ட என்ன கேடு உங்களுக்கு?”

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். நான் மேசைக்கடியில் தவழ்ந்து ஐந்து விதைகளைப் பொறுக்கினேன். பிறகும் எழுந்திருக்கவில்லை. அவர் பதில் சொல்லட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.