பதினேழாம் நம்பர்

காலை ஆறு மணிக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது. பதினேழாம் நம்பர். ஈரம் நாற்பத்திரண்டு. அதைப் பார்த்த பிறகுதான் கிருஷ்ணராஜ் எழுந்தான். பசறையில் அந்த வாடகை அறைக்கு வந்ததிலிருந்து அப்படித்தான்.

மடுல்சீமையில் மண் சரிந்த மலையில் அவன் நாற்பது கருவிகளைப் பதித்திருந்தான். விரல்நகமளவு மரக்கூழ் அட்டைகள். மண்ணின் ஈரத்தை அளந்து தினம் ஒரு தடவை வானலையில் சொல்லும். மூன்று மாதத்தில் மக்கிப் போய்விட வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. முப்பத்தொன்பது அடங்கிவிட்டன. ஐந்தாவது மாதமும் பதினேழு பேசிக்கொண்டிருந்தது.

பதுளை ஆய்வுகூடத்திலிருந்து நஸ்லியா கூப்பிட்டாள்.

"சேர், ஒன்னு மக்கலன்னா மத்ததையும் நம்ப ஏலாதாம். அடுத்த மலையில கருவி பதிக்க அனுமதி இல்லன்னு மேலிடத்துல சொல்றாங்க. அதுக்குக் கீழ லயத்துல ஆளுங்க இருக்காங்க சேர்."

"போய்ப் பாக்குறேன்."

பார்க்க என்ன இருக்கிறது? அவனுக்குத் தெரியும்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி குரல் கொடுத்தாள். "என்ன தம்பி, வெதச்ச கடதாசி மொளச்சிருச்சா? தொரகிட்ட சொல்லிறாதீங்க, அதையும் பறிக்கச் சொல்லுவாரு!"

பெண்கள் சிரித்தார்கள். மண்ணில் புதைந்த பழைய லயக் குடியிருப்பு இருந்த பக்கம் அவன் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

அவனும் மனைவி யசோதினியும் குடியிருந்த அறை இருந்த இடத்தில் தோண்டினான். அட்டையின் சிவப்பு மங்கவேயில்லை. மண் சரிந்த அன்று அவன் பதுளையில் இருந்தான். யசோதினி வீட்டில் இருந்தாள். அவளுடைய கியூடெக்ஸ் நகப்பூச்சுக் குப்பி மட்டும் அவன் பையில் கிடந்தது. ஈரம் தொடும் முனையை விட்டுவிட்டு, பதினேழுக்கு இரண்டு தடவை பூசியிருந்தான்.

அங்கிருந்தே நஸ்லியாவைக் கூப்பிட்டான். "பதினேழைச் சேக்காதீங்க. கருவியில பிழை இல்ல. நான்தான் கியூடெக்ஸ் பூசினேன்."

"கியூடெக்ஸா? யார்ட சேர்?"

அவன் பையிலிருந்து பிளேடை எடுத்தான். அவளே, "அப்படியே எழுதணும் சேர்" என்றாள்.

"எழுதுங்க."

பிளேடால் சுரண்டினான். சிவப்புத் தூளோடு அட்டையின் மேல்படலமும் உரிந்து விரலிடுக்கில் ஒட்டியது. திரும்பவும் அதே குழியில் வைத்து மூடினான்.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் அதிர்ந்தது. நாற்பத்து நான்கு. அடுத்த நாளும் அதிர்ந்தது.

ஒன்பதாம் நாள் போன் சும்மா கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். ஆறரைக்கு மடுல்சீமை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. படுத்தபடியே நஸ்லியாவுக்கு எழுதினான்:

"பதினேழும் நின்றது. அடுத்த மலைக்கு அனுமதி கேளுங்கள்."