பிஸ்கட்டோடு வந்த காவல்

கேக் கடைக்காரிக்கு வேலை தொடங்கிவிட்டால் வாய்க்கு ஓய்வே கிடையாது. மாவு, கிரீம், சர்க்கரைப் பாகு என்று எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு கேக்கையும் வெளியே விடமாட்டாள். அதனாலேயே விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஓடக் கிளம்பிவிடுவாள்.

"எங்கயாவது மயங்கி விழப்போற," என்று தினமும் புலம்பிய புருஷன், இன்று பிஸ்கட் பொட்டலத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காவலுக்குக் கூடவே வந்துவிட்டான். தான் மயங்கிவிடக் கூடாதே என்று நாலு ரொட்டியையும் இரண்டு முட்டையையும் முன்கூட்டியே உள்ளே தள்ளியிருந்தான்.

பூங்காவில் ஒரு சுற்று முடியுமுன் அவனுக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. விலாவை அழுத்திக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தான். அவனுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அவள் அலட்டிக்கொள்ளாமல் மிச்சச் சுற்றுகளையும் ஓடி முடித்துத் திரும்பினாள்.

"உனக்குப் பசிக்கவே இல்லையா?" என்று ஈன சுரத்தில் கேட்டபடி பொட்டலத்தை நீட்டினான்.

அவள் அதை வாங்கி மறுபடியும் அவன் பையிலேயே செருகினாள்.

"நல்லா பசிக்குதுங்க. கடைக்குள்ள நுழைஞ்சா அப்புறம் நாள் முழுக்கப் பசின்னா என்னன்னே தெரியாது. எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு பசிதான். அதையும் கெடுத்துடாதீங்க."