ஷோகேஸுக்குப் போகாத வண்டி

வண்டியை வாங்கியது என் கணவர் சாதிக் பாட்சா. அதை நான் மறுக்கவே இல்லை. போன லீவுக்குக் கத்தாரிலிருந்து வந்தபோது பெட்டிக்குள் பால் பவுடருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். ரிமோட்டில் ஓடுகிற சின்ன ஜீப். ராக் கிராலர் என்று பெயர். வேகமாக ஓடாது; பாறைமேல் ஊர்ந்து ஏறும். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி ஏற்றிப் பார்த்தார், வீடியோ எடுத்தார், லீவு முடிந்து கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஓட்டியது நான், சேறு கழுவியது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லம் பக்கத்துப் பாறைகளில் விழுப்புரம் கிளப்காரர்கள் கூடுகிறார்கள் என்று தேடிப் பிடித்து, திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டியில் முன்னால் வைத்து எடுத்துப் போனதும் நான்தான். இத்தனைக்குப் பிறகும் வீட்டில் அதற்குப் பெயர் "சாதிக்கோட வண்டி". உடைந்தால் மட்டும் "முஸ்கான் ஒடச்ச வண்டி".

உடைந்தது உண்மை. உடைந்தபோதெல்லாம் நான் போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்து வீடியோ காலில் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. சக்கரம் பாறை இடுக்கில் மாட்டும். உடனே போனிலிருந்து சத்தம் வரும்: "குடு! குடு! இன்னும் குடு முஸ்கான்!" எங்கள் பக்கத்தில் டிராக்டர் சேற்றில் இறங்கினாலும் லாரி மணலில் புதைந்தாலும் சுற்றி நிற்கிறவர்கள் கத்துவது இதைத்தான். ரிமோட்டை முழுசாக அழுத்திக் கொடுத்தேன். மோட்டார் சுற்றுவேன் என்கிறது, சக்கரம் அசையமாட்டேன் என்கிறது, நடுவில் மாட்டிய கியர் என்ன செய்யும்? ஒரு தடவை பல் உதிர்ந்தது. இன்னொரு தடவை அச்சு இரண்டாக முறிந்தது.

கடைசியாக, லீவில் வந்த கோட்டக்குப்பத்து உறவுக்காரர் ஒருவரிடம் மாற்றுக் கியர் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இதான் லாஸ்ட்டு. இதுவும் ஒடஞ்சா வண்டிய ஷோகேஸ்ல வெச்சிரு. போதும் உன் பாற ஏர்ற பேஜாரு."

எங்கள் வீட்டு ஷோகேஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது என் மாமியார் ஹலீமா பீவியின் ராஜ்யம். கண்ணாடிக் கதவு, பூட்டு உண்டு. உள்ளே போன எதுவும் வெளியே வந்ததில்லை. தங்க விளிம்பு போட்ட டீ செட், பளிங்கு ஒட்டகம், ஓடாத கடிகாரம். என் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வாய் சோறு நான் அதில் தின்றதில்லை. என் வண்டியும் அங்கே போய் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். எனக்கிருப்பது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் சேர்த்துப் பூட்டப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அழவில்லை. வண்டியைப் பிரித்து மேஜையில் பரப்பினேன். மோட்டாருக்கும் கியருக்கும் நடுவில் ஸ்லிப்பர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தட்டு, ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு நட்டு. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால், சக்கரம் மாட்டும்போது தட்டுகள் வழுக்கிக் கொடுக்கும், கியர் பிழைக்கும். ரொம்பத் தளர்த்தினால் வண்டி ஏறவே ஏறாது. திருகித் திருகிப் பார்த்து இடம் கண்டுபிடித்தேன். முன்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்து ரிமோட்டைத் தட்டினால் 'கீச்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் வண்டி பத்திரம். மோட்டாரில் இருந்த பல்சக்கரத்தையும் சின்னதாக மாற்றினேன். வேகம் குறைந்தது, இழுவை கூடியது.

கிளப்பை நடத்துகிற ஜெகதீசன், விழுப்புரத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர், கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஸ்லிப்பரெல்லாம் பொம்ம ஓட்றவங்களுக்கு மேடம். நாங்க ஃபுல் டைட்டு, ஃபுல் ஸ்டீலு."

"நான் பொம்மதாங்க ஓட்றேன். நீங்க மட்டும் என்னா, ரயிலா ஓட்டிக்கினு இருக்கீங்க?" என்றேன்.

அடுத்த போட்டி வந்தபோது சாதிக்கும் லீவில் வந்திருந்தார். இந்த முறை போன் வேண்டாம், நேரிலேயே வந்து கத்துவார். ஸ்கூட்டியை அவர் ஓட்ட, வண்டியை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்து போனேன்.

பாறையில் கொடி கட்டிய குச்சிகளை ஜோடி ஜோடியாக நட்டிருந்தார்கள். வண்டி அவற்றுக்கு நடுவில் நுழைந்து மேலே போக வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பாயிண்ட் குறையும். அதனால் எங்கள் கிளப்பில் ரிவர்ஸ் எடுப்பதை ஒரு கேவலமாகவே நினைப்பார்கள். வண்டி முறிந்தாலும் சரி, பின்னால் வரக்கூடாது.

என் முறை வந்தது. வழக்கம்போல முன்சக்கரத்தை அழுத்திப் பிடித்து ரிமோட்டைத் தட்டினேன். கீச் சத்தம் வரவில்லை. வண்டி குதித்து என் கையை உதறியது. மறுபடி தட்டினேன். சத்தமே இல்லை.

"மச்சான், வண்டிய யாராச்சும் தொட்டாங்களா?"

"நான்தான். காலைல பாத்தேன், உள்ள ஒரு நட்டு லூசா கெடந்துச்சி. நல்லா டைட் பண்ணி வெச்சிருக்கேன்," என்றார் சாதிக், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

அவர் எண்ணெய்க் குழாய் கம்பெனியில் ஃபிட்டர். நட்டு லூசாக இருந்தால் அங்கே ஆள் செத்துப்போவான். கண்ணில் பட்ட நட்டை முறுக்காமல் அவரால் தூங்க முடியாது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அங்க லூசு தப்பு மச்சான். இங்க டைட்டுதான் தப்பு," என்று அங்கேயே பாறையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினேன்.

"டைம் ஓடிக்கினு கீது மேடம்," என்றார் ஜெகதீசன்.

"ஓடட்டும்."

"முஸ்கான், எல்லாரும் பாக்கறாங்க. ஜல்தியா எட்றி," என்றார் சாதிக்.

"பாக்கட்டும்."

எல்லார் கண்ணெதிரிலும் நட்டைத் தளர்த்தினேன். சக்கரத்தைப் பிடித்துத் தட்டினேன். கீச். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

கீழ்ப்பாறையில் ஏறியது. நடுப்பாறையில் ஏறியது. உச்சிக்கு முந்தின இடுக்கில், நான் பயந்த மாதிரியே, பின்சக்கரம் போய்ச் செருகிக்கொண்டது. மோட்டார் சுற்றியது, ஸ்லிப்பர் கீச்சிட்டது, கியருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி நகரவில்லை.

"குடு!" என்றார் சாதிக்.

"குடு! குடு!" என்றது மொத்தக் கிளப்பும். பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வரப்பில் நின்று, யார் எவர் என்று தெரியாமலே, "குடும்மா!" என்று கத்தினார்கள்.

நான் ரிவர்ஸ் எடுத்தேன்.

"ஏய்! பாயிண்ட் போவுது!" என்றார் சாதிக்.

போகட்டும். பின்னால் வந்து, சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஏற்றினேன். மறுபடி செருகியது. மறுபடி ரிவர்ஸ். சாதிக் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். "குடு, நான் ஏத்திக் காட்றேன்."

"தர மாட்டேன்."

"என் வண்டிடீ!"

"ஷோகேஸ்ல இருந்தா உங்க வண்டி. பாறையில இருக்கற வரைக்கும் என்துதான்."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு கீழே இறங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை ரிவர்ஸ் என்று ஜெகதீசன் எண்ணிக்கொண்டே இருந்தார்; நான் எண்ணவில்லை. கடைசியில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, விழப்போய், விழாமல், மெதுவாக உச்சியில் ஏறி நின்றது. யாரும் கை தட்டவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

போட்டியில் எனக்குக் கடைசிக்கு முந்தின இடம். ஜெகதீசனுக்குக் கோப்பை, அதையும் சொல்லிவிடுகிறேன், அவர் வண்டி உடையவில்லை, நன்றாகத்தான் ஓட்டினார். திரும்பும்போதும் ஸ்கூட்டியைச் சாதிக்தான் ஓட்டினார். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியதும், "மானத்த வாங்கிட்டே. அத்தினி ரிவர்ஸ் யாராச்சும் போடுவாங்களா?" என்றார்.

"ஒடஞ்சிச்சா?"

அவர் குனிந்து ஸ்கூட்டி ஸ்டாண்டைச் சரிபார்த்தார்.

"ஒடஞ்சாத்தான ஷோகேஸு? இப்போ சொல்லுங்க, ஒடஞ்சிச்சா?"

"இல்ல," என்றார் தரையைப் பார்த்து.

உள்ளே போய் மாமியிடம் ஷோகேஸ் சாவியைக் கேட்டேன். மகன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். தங்க விளிம்பு சாசர் ஒன்றை எடுத்து, பழைய கியர்களையும் முறிந்த அச்சையும் அதில் வைத்து, பளிங்கு ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

அந்த வாரமே சாதிக்கைப் பார்க்கக் கோட்டக்குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியம்மா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "இதென்னாம்மா, பல்லு போன இரும்பெல்லாம் சாசர்ல வெச்சிக்கினு கீறே? யாரு ஒடச்சது?" என்று கேட்டார்.

"கத்தார்ல இருந்து போன்லயே ஒடச்சது பெரிம்மா," என்றேன். "ஒடச்சவரு அதோ உக்காந்து டீ குடிச்சிக்கினு கீறாரு."