எண்ணெய்க் கிண்ணம்

வைத்திலிங்கம் கடலூர்ப் பக்கமிருந்து அந்த மாட்டை ஓட்டி வந்த நாள் முதலே எனக்குச் சந்தேகம்தான். அது வந்த பத்தாம் நாள் எங்கள் தெருத் தில்லையம்மாளின் பசுவுக்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பசுவுக்கும் அதே கதி. அவன் மாடு மட்டும் ஜம்மென்று அசை போட்டுக்கொண்டு நின்றது.

சிதம்பரத்தில் எங்கள் தெரு மாடுகளுக்கெல்லாம் நான்தான் கறவைக்காரன். முதலில் என் வீட்டுச் செவலை. பிறகு அதே எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, காம்பைத் தடவி, வீடு வீடாகக் கறந்து வருவேன். கைராசிக்காரன் என்று பெயர். வைத்திலிங்கம் மட்டும் என்னை அண்ட விடவில்லை.

"புது மாடு மாமா, ஒதைக்கும். நானே கறந்துக்கறேன்."

மடியில் கனமில்லாதவன் இப்படிச் சொல்வானா? அவன் மாட்டால்தான் நோய் என்று தெருவெல்லாம் சொன்னேன். அவனிடம் பால் வாங்குவதை எல்லோரும் நிறுத்தினார்கள்.

கால்நடை டாக்டர் காயத்ரி வந்து எல்லா மாட்டுப் பாலையும் சின்னச் சின்னக் குப்பியில் பிடித்தார். என் கிண்ணத்து எண்ணெயையும் பஞ்சில் தொட்டு எடுத்தார். திருடனை விட்டுவிட்டு எண்ணெயைப் பிடிக்கிறாரே, இவரும் அவனுக்கு வேண்டியவரோ என்று நினைத்தேன்.

நான்காம் நாள் போன் செய்தார்.

"லேப் ரிசல்ட் வந்துடுச்சுங்க ஐயா. வைத்திலிங்கம் மாட்டுல ஒண்ணும் இல்ல. நோய் வந்த ரெண்டுலயும் ஒரே கிருமி. உங்க கிண்ணத்துலயும் அதான். உங்க செவலைகிட்டதான் ஜாஸ்தி."

"அதுக்கு வீக்கமே இல்லியேம்மா!"

"சில மாட்டுல வெளிய தெரியாமலே இருக்கும். உங்க கையோட மத்த மாட்டுக்குப் போயிருக்கு. அவர் மாட்ட நீங்க தொடல, அதான் தப்பிச்சுது."

நேரே வைத்திலிங்கம் வீட்டுக்கு ஓடினேன். முளைக்குச்சியில் வெறும் கயிறு கிடந்தது.

"காலையிலதான் வித்தேன் மாமா. நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்."

அவன் உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்து வந்து நீட்டினான்.

"நாளைலேர்ந்து எங்க பாப்பாவுக்கு உங்க செவலைப் பாலுதான் மாமா. உங்க கையாலயே கறந்து குடுங்க."