சமமான இடத்துக் கை

கண்ணையனின் மனைவி மணியம்மாளின் கையை ஒரே வாரத்தில் இரண்டு டாக்டர்கள் கிள்ளினார்கள். இருவரும் ஆண்கள். ஒருவருக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. முதலில் கிள்ளியவர் "இரண்டு" என்றார். அடுத்தவர் "மூன்று" என்றார். தோல் எவ்வளவு இறுகிவிட்டது என்பதற்கு அப்படித்தான் எண் போடுவார்களாம். பிறகு தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு, இன்னொரு தடவை கிள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

"வேணாம்," என்றார் கண்ணையன். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் கிள்ளலாம்."

முதலியார்பேட்டையில் கண்ணையனிடம் யாரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. மில்லில் தறிப் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவுக்குப் போனாலும் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்டவர் வீட்டுப் பெண்ணின் கையைக் கண்டவர்களும் கிள்ளிப் பார்த்து ஆளுக்கொரு எண் சொல்வது அவருக்குச் சம்மதமில்லை.

நோய் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் குளிர்ந்த நீரில் கை வைத்தால் மணியம்மாளின் விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்தன, பிறகு நீலம் பாய்ந்தன. அடுத்து விரல்கள் மடங்க மறுத்தன. கைத்தோல் முழங்கை வரை இழுத்துக் கட்டினாற்போல் ஆயிற்று. முகத்துச் சுருக்கங்கள் எல்லாம் மறைந்துபோய், ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வயதுக்காரியைப் போல் இருந்தாள். அதைப் பார்த்துச் சிலர் பொறாமைப்பட்டார்கள். மற்றவர்கள், பெரிய வியாதி, குஷ்டம்தான் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அடுத்த வீட்டுச் சின்னப்பொண்ணு ஆட்டுக்கல்லுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தன் வீட்டில் இப்போது யாரும் இட்லி தின்பதில்லை என்றாள்.

இட்லி போனால் போகட்டும். மகள் அஞ்சலாட்சியின் கல்யாணம் அப்படியில்லை. கதிர்காமத்தில் பேசி முடித்த இடம். மாப்பிள்ளை இராமதாஸுக்கு மின்சாரத் துறையில் வேலை. அப்பா இல்லை, அம்மா ஆதிலட்சுமிதான் எல்லாம். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மாள் சபையில் உட்கார்ந்து, "ஒங்க குடும்பமும் எங்க குடும்பமும் சரிசமம்ங்க, ஒரு பொட்டு ஏத்த எறக்கம் கெடையாது" என்று சொன்னாள். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். முதல் முறை, மாசம் சரியில்லை என்று ஆதிலட்சுமி தள்ளிப்போட்டாள். அது தை மாசம். தை மாசம் சரியில்லை என்று சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை காரணமே சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் கிள்ளிய டாக்டர்கள் இருவரும் மணியம்மாளை டாக்டர் கனீஸ் பாத்திமாவிடம் அனுப்பிவைத்தார்கள். பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். பூர்வீகமாகப் புதுச்சேரிக்காரர்தான். அவருடைய அறையில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஒரு மெஷின் இருந்தது. ரேடியோப் பெட்டி அளவு. முன்பக்கம் சின்னத் திரை. பெட்டியிலிருந்து வந்த கம்பியின் நுனியில் பேனா மூடி போல ஒன்று. கையில் பசை தடவி, அந்த மூடியை மேலே வைத்தால், திரையில் இரண்டு கூர்முனைகள் எழும்பும்.

"காதுக்குக் கேக்காத சத்தம் உள்ள போய் மோதித் திரும்பி வரும்," என்று விளக்கினார் டாக்டர். "மொதல் முனை தோலோட மேல்பக்கம். ரெண்டாவது, தோல் முடியற எடம். நடுவுல இருக்கற தூரம்தான் தடிமன். கிள்ளவும் வேணாம், வெட்டிச் சதை எடுக்கவும் வேணாம்."

கண்ணையனுக்கு மெஷினைப் பிடித்துப்போயிற்று. அது யாரையும் கிள்ளாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்லாது.

"இது பெரிய வியாதி இல்லன்னு இந்த மெஷின் சொல்லுமா?"

"அது மெஷின் சொல்லத் தேவையில்ல, நானே சொல்றேன். இது அது இல்ல. ஒட்டவும் ஒட்டாது. ஆனா தோல் எவ்வளவு தடிச்சிருக்குன்னு தெரியணும்னா, இதே வயசுல நோய் இல்லாத பொம்பளைங்க கையையும் அளக்கணும். என்கிட்ட இருக்கறதெல்லாம் பிரான்சு பொம்பளைங்க அளவு."

"அது சரிப்படாது," என்றார் கண்ணையன் உடனே.

"நம்ம ஊர்க்காரங்களைத்தான் தேடறேன். இதோ, கொளஞ்சி ரெடியா இருக்காங்க."

கொளஞ்சி அங்கே பெருக்கித் துடைக்கும் அம்மாள். அதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டிவிட்டாள். கண்ணையன் அந்தக் கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அவங்க நல்லவங்கதான். ஆனா எம் பொண்டாட்டி கைக்குப் பக்கத்துல வெக்கறதுன்னா, அதுக்கு ஒரு இது வேணும்."

"இன்னா பெரியவரே, எந்தோலு ஒங்க வூட்டுத் தோலோட சம்மந்தம் பண்ணாதா?" என்றாள் கொளஞ்சி. "நா இன்னா பொண்ணா கேட்டேன்?"

மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் முழுதாகத் திறக்காததால் அது பாதியில் நின்றது.

கொளஞ்சி பேசியதில் சம்மந்தம் என்ற ஒரு வார்த்தை மட்டும் கண்ணையன் மனதில் தங்கிவிட்டது. மறுநாள் காலை கதிர்காமத்துக்குப் பஸ் ஏறினார். ஆதிலட்சுமி காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னார்.

"டாக்டரம்மா சம அந்தஸ்துல ஒரு கை கேக்கறாங்க. நா யோசிச்சிப் பாத்தேன். ஒங்களைத் தவிர யாரு இருக்கா? நீங்களே சபையில சொன்னீங்க, சரிசமம்னு."

அந்தஸ்தைப் பற்றி டாக்டர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் கண்ணையன் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. கேட்க வேண்டியதை அந்த அம்மாள் கேட்கத் தவறிவிட்டார், அவ்வளவுதான்.

ஆதிலட்சுமி டம்ளரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். போகமாட்டேன் என்றால் நீங்களும் நாங்களும் சமமில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். போனால் அந்த அறையில், அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவளும் சாமானியப்பட்டவள் இல்லை.

"எப்ப வரணும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கண்ணையன் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, நிற்பதுதான் பழக்கம் என்றார்.

"நா மொதல்ல வெக்கறேன்," என்றாள் ஆதிலட்சுமி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் பசை தடவி மூடியை வைத்தார். இரண்டு முனைகள் எழுந்தன. "ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர்," என்றார். பிறகு மணியம்மாளின் கை. திரையில் முனைகள் விலகி நின்றன. "ஒண்ணு புள்ளி ஒம்பது."

ஆதிலட்சுமி எழுந்தாள்.

"ஒக்காருங்க. ஒருதரம் அளந்தா நம்ப முடியாது. மாத்தி மாத்தி மூணு தரம் வெக்கணும்."

ஆதிலட்சுமி கதவைப் பார்த்தாள். கதவில் கண்ணையன் நின்றிருந்தார். அவள் உட்கார்ந்தாள். மணியம்மாளின் கையிலிருந்து எடுத்த மூடி, துணியில் ஒரு துடைப்பு துடைக்கப்பட்டு, அவள் கைக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அங்கே, மறுபடி இங்கே. மூன்றாவது சுற்றில் டாக்டருக்கு எட்டவில்லை என்று இரண்டு கைகளையும் ஒரே தலையணையில் வைக்கச் சொன்னார். அளவுகள் பெரிதாக மாறவில்லை.

முடிந்ததும் பசையைத் துடைக்க ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார். மணியம்மாளின் விரல்கள் பஞ்சைப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை அவள் எடுக்காமல், பசையோடு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆதிலட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பஞ்சைப் பாதியாகக் கிழித்தாள். "காட்டுங்க அண்ணி," என்று சொல்லி மணியம்மாளின் கையைப் பிடித்துத் துடைத்தாள். விரலிடுக்கிலும் துடைத்தாள். "இன்னா இப்டி ஜில்லுனு இருக்கு," என்றாள்.

கண்ணையனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காரியம் முடிந்தது என்றே நினைத்தார்.

"டாக்டரம்மா," என்றாள் ஆதிலட்சுமி, துடைத்துக்கொண்டே. "பொண்ணு கையையும் அளந்துடுங்களேன்."

"எந்தப் பொண்ணு?" என்றார் கண்ணையன்.

"ஒங்க பொண்ணுதான். நா வெச்சேன் இல்ல? அவளும் வெக்கட்டும். நாளைக்கு அவளுக்கும் வருமான்னு தெரிஞ்சிக்கறது நல்லது."

"கல்யாணப் பொண்ணை மெஷின்ல வெச்சிப் பாத்து எடுத்துக்கற எடம் எங்களுக்கு வேணாம்," என்றார் கண்ணையன். சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. "மணியம்மா, எழுந்திரு."

மணியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"அளந்தாலும் பிரயோஜனமில்ல," என்றார் டாக்டர். "இன்னைக்கு இருக்கறதைத்தான் இது சொல்லும். நாளைக்கு வர்றதைச் சொல்லாது. பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். வரவே வராதுன்னு என்னால எழுதித் தர முடியாது."

"நா தர்றேன்," என்றார் கண்ணையன். "எங்க பரம்பரையில யாருக்கும் கெடையாது."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மணியம்மாள்.

முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை, அதுவும் அந்நியர் முன்னால். கண்ணையன் சும்மா இருந்தார்.

மணியம்மாள் ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, எனுக்கு இது வரும்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. எம் பொண்ணுக்கு வராதுன்னு நா சத்தியம் பண்ணமாட்டேன். பண்ணா பொய். இஷ்டம் இருந்தா கட்டிக்கினு போங்க. இல்லன்னா மாசம் சரியில்லன்னு இன்னொரு தரம் சொல்லாதீங்க. இன்னைக்கே சொல்லிடுங்க."

ஆதிலட்சுமி கையிலிருந்த பஞ்சை உருட்டினாள், பிரித்தாள், மறுபடி உருட்டினாள்.

"எம் புள்ளைக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும்," என்றாள் கடைசியில். "பதினாலு வயசுக்கு மேல வரல. மாத்திரையும் நிறுத்தியாச்சி. பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லணும்னுதான் வந்தேன். இவுரு அங்க நெஞ்சை நிமித்திக்கினு ஒக்காந்திருந்தாரு. வாய் வரல."

கண்ணையன் வாயைத் திறந்தார். எந்த டாக்டர் பார்த்தார், என்ன மாத்திரை, பதினாலு வயது என்பது நிச்சயமா, மறுபடி வராது என்று யார் சொன்னது, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. மூவரும் அவரைப் பார்த்தார்கள். அளந்து பார்க்கச் சொன்னதற்காகத்தான் சற்றுமுன் அந்த அம்மாளின் சம்பந்தத்தையே வேண்டாம் என்றிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"இன்னாங்க சொல்றீங்க?" என்றாள் மணியம்மாள்.

சபையில் பதில் சொல்வதென்றால் உட்கார்ந்து சொல்வதுதான் முறை. கண்ணையன் கதவோரத்திலிருந்து வந்து காலியாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது உயரம் குறைந்தது. முழங்கால்கள் மேலே வந்தன. இருந்தாலும் முதுகை நேராக வைத்துக்கொண்டார்.

"பங்குனியில நாள் இருக்கு," என்றார் ஆதிலட்சுமியிடம். "ஒங்களுக்கு மாசம் சரிப்படுமா?"

"சரிப்படும்ங்க," என்றாள் அவள்.

"அப்ப வெளிய போய்ப் பேசுங்க," என்றார் டாக்டர், பசைக் குழாயை மூடிக்கொண்டே. "அடுத்த ஆள் காத்திருக்காங்க. மணியம்மா, ஆறு மாசம் கழிச்சி வரணும். தடிமன் ஏறுதா, நிக்குதான்னு பாக்கணும்."

"வந்துட்றேம்மா," என்றாள் மணியம்மாள். "கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

அடுத்த ஆளாக உள்ளே வந்தவள் கொளஞ்சி. முந்தானை ஏற்கெனவே செருகியிருந்தது. கண்ணையன் எழுந்து முக்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு பெண்களுக்கும் முன்னால் வெளியே நடந்தார்.