தண்ணீர் காணாத சுவர்

என் வீட்டுக்காரர் மதுசன் தேயிலை ஃபெக்டரியில் பொய்லர் வேலை பார்த்தவர். புளத்கொகுபிட்டியப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்ட, சீமெந்து விலை கட்டுப்படியாகாமல், கொட்டிக்கிடந்த பொய்லர் சாம்பலைக் கேட்டு அள்ளிவந்தார். சாம்பலில் வீடு கட்டுகிறானாம் என்று லயத்துச் சனமே சிரித்தது. மனிதர் காதில் வாங்கவில்லை. சாம்பலை நைசாகச் சலித்து, சீமெந்தோடும் மணலோடும் கலந்து, சின்னக் கட்டிகளாக வார்த்துப் பார்த்தார். வெயிலில் காய்ந்த கட்டி விரலுக்கே உதிர்ந்தது. வாளித் தண்ணீரில் ஊறிய கட்டி கல்லால் தட்டியும் உடையவில்லை. ஒரு மாதத்துக்கு ஈரம் காயவே கூடாது என்று என்னிடம் சொல்லிவைத்தார். அந்தக் கலவையையே சாந்தாக்கி, கல் அடுக்கிச் சுவரை எழுப்பி, ஈரச் சாக்கால் மூடி, நானும் அவரும் மகளும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம்.

அந்த வாரமே, விறகு பார்க்க மலைக்குப் போனவரைக் குளவிக் கூட்டம் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தால் குடித்தேன், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். தீட்டு கழியும்வரை கட்டடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவருடைய அண்ணன் கன்னையா சொல்லிவிட்டார். சுவரிலிருந்த சாக்குகளை உருவிக் காயவைத்து, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார விரித்தார்கள். அதில் ஒன்றில்தான் நானும் இருந்தேன். மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. சுவர் காய்கிறது என்று தெரியும். வாய்தான் திறக்கவில்லை.

கருமாதி முடிந்து, கூரை போட மேசன் றிஸாத் நானா வந்தார். ஆணியால் சாந்தைக் கீறினார். மாவாகக் கொட்டியது.

"இதுல கூரைய ஏத்த ஏலா தங்கச்சி. புள்ளயோட படுக்கிற வீடு. ஒடச்சிட்டுத்தான் கட்டணும்."

கன்னையா அழுதேவிட்டார். "தம்பி கை வச்ச செவுரும்மா. மேல சீமெந்து பூசிக்கலாம், ஒடைக்க வேணாம்."

எனக்குக் கோபம் மட்டும் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"அவருக்குப் பால் ஊத்தத் தெரிஞ்சிச்சில்ல? அவரு கட்டுன செவுத்துக்கு ஒரு வாளி தண்ணி ஊத்த ஒருத்தருக்கும் மனசு வரலியே. எனக்குந்தான் வரல."

றிஸாத் நானாவின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினேன். என் வீட்டுக்காரர் வைத்த கல்லில் ஒன்றாவது விழாமல் அடம்பிடிக்கும் என்று நினைத்து அடித்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.